கண்மலர்

குளச்சலில் என் வீட்டு மாடி அறையில்
முந்நூற்றுப் பன்னிரண்டு உருவாரங்கள் தொங்குகின்றன.
கை, கால், காது, ஈரல், முலை, ஒரு தொண்டை.
பயப்பட வேண்டாம்.
எல்லாம் தகரம், மரம், மெழுகு,
சிலது மட்டும் வெள்ளி.

இருபத்தொன்பது வருடம் கப்பலில் மின்பணி.
கரை இறங்கினால் கூட்டாளிகள்
செண்டும் டேப் ரிக்கார்டரும் வாங்கப் போவார்கள்.
நான் பழஞ்சந்தையில் குந்தியிருந்து
காலுக்கு விலை கேட்பேன்.

வேராகுரூஸில் ஒரு முழங்கால், சுண்டுவிரல் நீளம்.
பேரம் படிந்ததும் ஒரு கழுதையைக் கொசுறாகத் தந்தான்.
கழுதைக்கும் நோவு வந்திருக்கிறது,
அதற்காகவும் யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள்.
சால்வடாரில் மரத்தலை,
வலித்த இடத்தில் சிவப்பு மை.
கோபேயில் ஒரு பலகை. அவர்கள் பேச்சில் கண்ணுக்கு ‘மே’ என்று பெயராம்,
அந்த ஓரெழுத்தையே இரண்டு முறை,
ஒன்று நேராக, ஒன்று கண்ணாடியில் தெரிவதுபோல
எழுதிக் கட்டியிருந்தான் பார்வை மங்கியவன்.

பிரேயஸ், எண்பத்தெட்டு, மழை.
ஒரே தகட்டில் இரண்டு கண்.
மூக்கு இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் புள்ளி வரிசை.
நாற்பது டாலர் சொன்னான், இருபத்திரண்டுக்கு இறங்கினான்.

பதிவேட்டில் எண் நாற்பத்தேழு.
எடை பதினொரு கிராம். வெள்ளி முலாம்.
வேண்டியவர்: தெரியாது.
‘பலித்ததா’ என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.
முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை
அந்தக் கட்டத்தில் மை படவில்லை.

உப்புக்காற்று வெள்ளியைக் கறுக்க வைக்கும்.
பூசைச் சாமான் கடையில் திருநீறு வாங்கி
சனிக்கிழமை தோறும் துலக்குவது எஸ்கலின்.
பங்குச் சாமியாருக்குத் தெரியாது.

பங்குனி வெயிலில் கொச்சியிலிருந்து ஒருவர் வந்தார்,
மொத்தமாக விலை பேச.
சுவர் சுவராகப் பார்த்தவர்
நாற்பத்தேழில் நின்றார்.
ஆணி இருந்தது.
ஆணிக்குக் கீழே
சுண்ணாம்பு வெளுக்காத ஒரு சின்னச் சதுரம்.

அடுக்களையில் சாளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.
கேட்டேன்.
“எடுத்தேன். வெட்டினேன்.”
“எதால?”
“இதாலதான்.” மீன் கத்திரியைத் தூக்கிக் காட்டினாள்.
“இடது கண்ணு கார்த்திகையில, கோட்டாறு சவேரியாருக்கு.
வலது கண்ணு மாசியில. சரோஜினி கொடைக்குப் போனா,
நானும் கூடப் போயி மண்டைக்காட்டு அம்மைக்குப் போட்டேன்.
ரெண்டு ஆப்பரேசன் இல்லியா?”

கோயில் வாசலில் அறுபது ரூபாய்க்குப் புதுசே கிடைக்குமே என்றேன்.
“அது கடைக்காகச் செஞ்சது.
இது ஒருத்தி அழுத சாமானாக்கும்.”

கார்த்திகை முதல் பங்குனி.
நான்கு மாதம் அந்த ஆணியைத் தாண்டி
தினமும் போய்வந்திருக்கிறேன்,
புரை எடுக்காத என் கண்களோடு.
அவளோ ஜன்னல் வழியே பார்த்து
தூரத்துப் படகின் எண்ணை வாசித்தாள்,
கடைசி இலக்கம் வரைக்கும்.

வெட்டியதில் மிச்சம் வந்த நடுத்துண்டை
அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் வைத்திருந்தாள்.
அரை அங்குலம், புள்ளி வரிசை.
அதை நாற்பத்தேழில் மாட்டினேன்.
கொச்சிக்காரர் இதற்கு என்ன விலை என்று கேட்டார்.
அவருக்கு ஒரு டீ போடச் சொன்னேன்.

அன்றிரவு பதிவேட்டைத் திறந்து
வேண்டியவர்: எஸ்கலின், குளச்சல் என்று எழுதினேன்.
பலித்ததா: ஆம். இடது, வலது.
இருப்பிடம்: இரண்டு உண்டியல்.
அவளுக்கு முந்தி வேண்டியவளுக்கு
கோடு ஒன்றைக் காலியாகவே விட்டேன்.

இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால்
வலது முழங்கால் சொடுக்குகிறது.
அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று எண்ணிப் பார்த்தேன்.
துண்டைச் சேர்த்தும் முந்நூற்றுப் பதினொன்று.
வேராகுரூஸ் ஆணியில்
கழுதை மட்டும் தனியாகத் தொங்குகிறது.